ஒத்தப்பனை கேட்டுக்கு சப்வே

ஆகஸ்ட் 5, திங்கள்

போன வருடத்து டைரி மார்ச் மாதத்தோடு நின்றுபோனது. சோம்பேறித்தனம் தவிர வேறு காரணம் இல்லை. இன்றைக்கு எழுத ஒரு நல்ல விஷயம் இருப்பதால் மறுபடி தொடங்குகிறேன்.

எங்கள் கணக்கெடுப்புக் கம்பெனிக்குச் சென்னையில் தலைமை அலுவலகம். மதுரையில் நான்தான் மேற்பார்வையாளர். எனக்குக் கீழே வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் பெண்கள் நான்கு பேர். சோப்பு, டீத்தூள், டி.வி. சேனல் என்று எதையாவது பற்றிக் கேட்டுக்கொண்டே ஐந்து வருடம் ஓடிவிட்டது. ஐந்து வருடமும் ஒப்பந்தம்தான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒரு கடிதம் வரும், நான் கையெழுத்துப் போடுவேன்.

இன்று தலைமை அதிகாரி எபனேசர் சார் போனில் வந்தார். "மங்கையர்க்கரசி, மதுரைல ஒரு சப்வே சர்வே வந்திருக்கு. கவர்ன்மென்ட்டுக்குப் போற ரிப்போர்ட். இத நல்லபடியா முடிச்சுக் குடுங்க, செப்டம்பர்ல உங்களைப் பெர்மனென்ட் பண்ணிடலாம்" என்றார்.

நாற்பத்தாறு வயதில் முதல் முறையாக ஒரு வேலை என்னுடையது ஆகப்போகிறது. அவர் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

கணக்கெடுப்பு எடுக்க வேண்டிய இடம் ஒத்தப்பனை ரயில்வே கேட்டைச் சுற்றி. அந்தக் கேட்டுக்கு ஒரு சப்வே வேண்டும் என்று இருபது வருடமாக மனு போகிறது. ஒரு மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது. தண்டவாளத்துக்கு அடியில் ரோடு போனால் போதும், கேட்டு மூடினாலும் வண்டிகள் நிற்க வேண்டாம். ஒருவழியாகக் கண் திறந்துவிட்டார்கள்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாயிற்று. மாவு புளித்துவிட்டது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஆங்கிலப் படிவம் வந்தது. நான்தான் தமிழில் எழுத வேண்டும். கனடாவில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்த எபனேசர் சார் தயாரித்த படிவம் இப்படி இருக்கும் என்று நினைக்கவில்லை. ஏழாவது கேள்வி, "சப்வே எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை ஓடினால் உங்களுக்கு வசதி?" சப்வே எப்படி ஐயா ஓடும்? அது பாட்டுக்குத் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும், ஓடுவது நாம்தான். "வாரத்துக்கு எத்தனை முறை சப்வேயைப் பயன்படுத்துவீர்கள்?" என்று மாற்றினேன். பதினேழு வருடம் அச்சகத்தில் ப்ரூஃப் பார்த்த கண்ணுக்கு இதெல்லாம் தப்பாது.

முக்கியமான கேள்விகள் இரண்டு. புதிய சப்வே வந்தால் நெரிசல் குறையுமா? வியாபாரம் பெருகுமா? இவை இரண்டும் தமிழில் அழகாகவே வந்திருக்கின்றன.

கூடவே முப்பத்தெட்டுப் பக்க இணைப்பு ஒன்றும் அனுப்பியிருந்தார்கள். எல்லா நடைமுறையும் முடித்து மாலை ஐந்து மணிக்கு அனுப்பிவிட்டேன். "ரொம்ப ஃபாஸ்ட்!" என்று பதில் வந்தது.

ஆகஸ்ட் 8, வியாழன்

முதல் நாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் சுகிர்தா, இந்தப் பக்கம் நான். சுகிர்தா என் குழுவில் மூத்தவள், இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வருகிறவள், கதவைத் தட்டினால் பதிலோடு மோரும் வாங்கிக்கொண்டு வருவாள்.

கேட்டை ஒட்டி டூவீலர் மெக்கானிக் சிக்கந்தர் பாய் கடை. எங்கள் வீட்டு வண்டிக்கு அவர்தான் வைத்தியர். கேள்வியை நான் முடிக்கவே விடவில்லை.

"சப்வேயா? போடுங்க மேடம், ஆமான்னு போடுங்க. எத்தன எடத்துல ஆமா போடலாமோ அம்புட்டு எடத்துலயும் போடுங்க."

"நெரிசல் குறையுமா பாய்?"

"கொறையாமயா? ஒரு நாளைக்கு இருவத்தஞ்சு தடவ கேட்ட சாத்துறாய்ங்க. பிள்ளைத்தாச்சியும் நிக்குது, பொணமும் நிக்குது. ஆனா தண்ணி தேங்காமக் கட்டச் சொல்லுங்க. மழ பேஞ்சா நீச்சல் குளம் ஆயிரும்."

அதைக் 'கூடுதல் கருத்து' கட்டத்தில் எழுதிக்கொண்டேன். இன்று மட்டும் பதினோரு பேர் தண்ணீர் தேங்கக் கூடாது என்று சொன்னார்கள். ஒன்பது பேர் பஸ் போகிற உயரத்துக்குக் கட்டச் சொன்னார்கள். ஊர் மக்கள் எவ்வளவு விவரமாக யோசிக்கிறார்கள்!

ஆகஸ்ட் 9, வெள்ளி

எல்லோரும் ஆமா என்கிறார்கள். இன்று வரை ஒரே ஒரு ஆள்தான் 'இல்லை'. கேட்டு மூடியதும் கார் கண்ணாடிகளைத் தட்டி வெள்ளரிப்பிஞ்சு விற்கும் பேச்சியம்மாள்.

"கேட்டு சாத்துனாத்தேன் எனக்கு யாவாரம். எல்லாரும் சர்ரு சர்ருன்னு போய்ட்டா எங்கிட்ட எவன் வாங்குவான்? இல்லன்னு எழுதுத்தா."

எழுதினேன். அவளிடமே ஐந்து வெள்ளரிப்பிஞ்சும் வாங்கினேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

ஒன்பதாவது கேள்வியால் பெரிய ரகளை. "இதில் பயணிக்க எவ்வளவு கட்டணம் கொடுப்பீர்கள்?" என்று இருக்கிறது. மாவு மில்காரர் எழுந்தே விட்டார். "ரோட்டுக்கு அடியில போறதுக்கு டோலா? நீங்க யார் ஆளு? எந்தக் கட்சி?" என்று சுகிர்தாவைப் பிடித்துக்கொண்டார். அவள் மோர் குடிக்காமல் திரும்பிய ஒரே வீடு அது.

எல்லோரும் 'ஒன்றுமில்லை' என்றுதான் எழுதச் சொல்கிறார்கள். எனக்கும் இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறவர்களுக்கு மக்கள் நிலைமை எங்கே தெரியப்போகிறது.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. வடை சுட்டேன். என் வீட்டுக்காரர் திரவியம் பார்சல் ஆபீசில் வேலை. தினமும் அந்தக் கேட்டில் அரை மணி நேரம் நிற்கிறவர், மகிழ்ச்சியில் குதிப்பார் என்று அவரிடமும் கேள்விகளைக் கேட்டேன்.

"கொறையும் அரசி. கேட்டுல நிக்க வேணாம். அடுத்த சிக்னல்ல போய் நிக்கலாம்."

"வெளையாடாதீங்க. வியாபாரம் பெருகுமா?"

"பார்சல் பத்து நிமிசம் முன்னாடி வரும். அந்தப் பத்து நிமிசத்துல நம்ம மொதலாளி என்ன கோட்டையா கட்டப்போறாரு?"

இந்த மனிதரிடம் கேட்டதே தப்பு. வெளியாட்களின் கருத்துதான் சேரும் என்று சொல்லிப் படிவத்தை மடித்துவிட்டேன். அவருக்கு ஒரு வடை அதிகம் வைத்தேன், அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

612 படிவங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் ஆதரவு. என் அனுபவத்தில் சோப்புக்குக்கூட இப்படி ஆதரவு வந்ததில்லை. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி அனுப்பியாயிற்று. எபனேசர் சார் போனில் கைதட்டும் பொம்மை ஒன்று அனுப்பினார்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

எபனேசர் சார் இடம் பார்க்க வந்தார். நல்ல மனிதர், வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு நடக்கிறார். கேட்டு வரைக்கும் கூட்டிப்போனேன். சிக்கந்தர் பாய் கடைக்கு எதிரே நின்று, கையில் இருந்த வரைபடத்தை விரித்தார்.

"இந்த வரிசைதான் மங்கையர்க்கரசி. பன்னெண்டு கடை. இதை எடுத்துட்டு இங்கதான் ஸ்டேஷன் வாசல் வருது."

நான் ரயில்வே ஸ்டேஷன் என்று நினைத்துக்கொண்டேன். "கேட்டுக்குப் பக்கத்துலயா சார் ஸ்டேஷன்?"

"கீழ. அறுபது அடி ஆழத்துல. எஸ்கலேட்டர்ல இறங்கிப் போவாங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு ட்ரெயின்."

"கேட்டு சார்?"

"எந்த கேட்டு? இதுவா? இது ரயில்வே கேட்டு, அது பாட்டுக்கு இருக்கும். நமக்கு அதோட சம்பந்தம் இல்ல."

தலையை ஆட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, "உங்க ஊர்க்காரங்களுக்குக் குறும்பு ஜாஸ்தி. டிக்கெட் எவ்வளவு குடுப்பீங்கன்னு கேட்டா ஒருத்தர் விடாம ஜீரோ! அந்தக் கேள்விய ரிப்போர்ட்லேர்ந்து எடுத்துட்டேன்" என்றார். நானும் சிரித்தேன்.

சிக்கந்தர் பாய் கடையிலிருந்து எழுந்து வந்து சாருக்குக் கும்பிடு போட்டார். "சீக்கிரம் கட்டுங்க சார், புண்ணியமாப் போகும்" என்றார். சார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆகஸ்ட் 24, சனி

தலைவலி. ரசம் மட்டும் வைத்தேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இணைப்பைப் படித்தேன். முப்பத்தெட்டுப் பக்கமும்.

கனடாவில் சப்வே என்றால் பூமிக்கு அடியில் ஓடும் ரயிலாம். நமக்கு சப்வே என்றால் தண்டவாளத்துக்கு அடியில் போகும் ரோடு. இந்த ஊரில் யாரைத் தட்டி எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். இரண்டாம் பக்கத்திலேயே ரயில் படம் போட்டிருக்கிறது. முகப்பு விளக்கெல்லாம் எரிகிறது.

அதனால்தான் அது எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை 'ஓட' வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அதனால்தான் கட்டணம். சரியாக எழுதியிருந்த மனிதரின் ஆங்கிலத்தை நான் திருத்தியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். சாலை என்ன, ரயில் என்ன, இரண்டும் போக்குவரத்துதான். இதற்கு ஆமா என்றவர்கள் அதற்கும் ஆமா என்றுதான் சொல்லியிருப்பார்கள். வளர்ச்சி யாருக்குத்தான் வேண்டாம்? மேலும் ஒரு கணக்கெடுப்பை மட்டும் வைத்தா சுரங்கம் தோண்டப்போகிறார்கள்? இன்னும் எத்தனையோ ஆய்வு இருக்கும். படிவத்தின் தமிழை அலுவலகத்தில் யாரும் பார்க்காததும் அலுவலகத்தின் தவறுதான்.

சுகிர்தாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

அறிக்கையின் முதல் வரைவு வந்தது. வழவழப்பாக இருக்கிறது. "பூமிக்கடியில் அமையும் ரயிலுக்கு ஒத்தப்பனைப் பகுதி மக்களில் 91 விழுக்காட்டினர் ஆதரவு. நெரிசல் குறையும் என 88 விழுக்காட்டினரும், வணிகம் பெருகும் என 84 விழுக்காட்டினரும் உறுதியாக நம்புகின்றனர்." அதற்குக் கீழே பாயின் படம். சார் கையைக் குலுக்கியபோது யாரோ எடுத்தது. 'திட்டத்தை வரவேற்கும் வணிகர்' என்று போட்டிருக்கிறார்கள்.

ஆறாம் தேதி அதிகாரிகள் முன்னால் வாசிக்கப்போகிறார்களாம். அன்றைக்கே என் நிரந்தர ஆர்டரையும் கொண்டு வருவதாக சார் சொன்னார். நன்றி சார் என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கறி வாங்கப் போனவள் கேட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. பாய் கடையில் ஏணி போட்டு ஒரு ஆள் புது போர்டு எழுதிக்கொண்டிருந்தான். மஞ்சளில் சிவப்பு எழுத்து. 'சப்வே டூவீலர் ஒர்க்ஸ்'.

பாய் என்னைப் பார்த்துவிட்டார். "மேடம், எப்புடி? நாளைக்கு சப்வே வந்தா நெறையப் பேரு இதே பேர வைக்க வருவாய்ங்க. நாம முந்திக்கிட்டோம்ல!"

நல்லா இருக்கு பாய் என்றேன். கறி வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன். கடை சாத்தியிருந்தது என்று வீட்டில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கறிக்கடையாவது சாத்தியிருக்குமா? அவர் ஒன்றும் கேட்கவில்லை. முட்டை வாங்கி வந்து தானே பொரித்துத் தந்தார்.

செப்டம்பர் 2, திங்கள்

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் ஆறாம் தேதி எல்லா நடைமுறையும் முடித்தேன் என்று எழுதியிருக்கிறேன். அது பொய். படிவத்தோடு இரண்டு கட்டங்கள் வந்தன. ஒன்று, 'இணைப்பை முழுவதும் படித்தேன்.' இன்னொன்று, 'தமிழ்ப் படிவத்தை வேறு ஒருவரைக் கொண்டு மறுபடி ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்.' இரண்டிலும் டிக் போட்டேன். இரண்டையும் செய்யவில்லை. அன்று மாலைக்குள் அனுப்பினால் கெட்டிக்காரி என்று சொல்வார்கள் என்ற ஆசை. மறுபடி ஆங்கிலத்தில் யார் எழுதினாலும், ஏழாவது கேள்வியிலேயே குட்டு உடைந்திருக்கும்.

சொன்னால் ஆர்டர் போய்விடும், ஒப்பந்தமும் போய்விடும். இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பேன்? ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்காததற்கு இதுதான் காரணம், தலைவலி இல்லை.

ஆனால் பாய் தன் கடையை இடிக்கத் தானே ஆமா சொன்னதாக அச்சாகப்போகிறது. அவரை அப்படிச் சொல்ல வைத்தவள் நான். அதற்கு மேல் அவர் படத்தை வேறு போட்டுவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு எபனேசர் சாருக்குப் போன் செய்தேன். என்ன பேச வேண்டும் என்று காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன், ஒரு வரியும் படிக்க வரவில்லை. "சார், நம்ம சர்வே செல்லாது சார். நான் கேட்டது வேற சப்வே" என்று ஆரம்பித்து, இரண்டு டிக் வரைக்கும் சொல்லி முடித்தேன்.

லைன் போய்விட்டதோ என்று "சார்?" என்றேன்.

"இருக்கேன்" என்றார். "நான் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

கூப்பிடவில்லை.

செப்டம்பர் 4, புதன்

கூப்பிடவில்லை. பீரோவை ஒழித்து அடுக்கினேன். கேஸ் வந்தது. திரவியத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நான் நினைத்தபடி சிரிக்கவில்லை. "வேல போனாப் போகட்டும் அரசி. நீ சாப்பிட்டாப் போதும்" என்றார். இந்த மனிதரைப் பற்றி இந்த டைரியில் எழுதியிருக்கும் சில விஷயங்களை அடிக்க வேண்டும்.

செப்டம்பர் 5, வியாழன்

காலை ஒன்பதரைக்குப் போன்.

"மங்கையர்க்கரசி, உங்க தமிழ் படிவத்த ரெண்டு நாளா படிச்சேன்" என்றார். "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியும். ஆகஸ்ட் ஆறாம் தேதியே படிச்சிருக்கணும். கீழ என் கையெழுத்தும் இருக்கு, பாத்தேன்னு போட்டிருக்கேன். பாக்கல."

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அறுநூத்திப் பன்னெண்டு பேர் ஜீரோன்னு எழுதினப்பவே எனக்குத் தட்டியிருக்கணும். குறும்புன்னு நெனச்சு அந்தக் கேள்வியையே தூக்கிட்டேன். கூடுதல் கருத்துல தண்ணி தேங்கும், தண்ணி தேங்கும்னு நூறு பேர் எழுதியிருக்காங்க. ஆழத்துல நீரூத்து வரும்ங்கிற பயம்னு எடுத்துக்கிட்டேன். நீங்க என் இங்கிலீஷத் திருத்துனீங்க, நான் உங்க ஜனங்களத் திருத்தினேன். சரியாப் போச்சு."

பிறகு அவர் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் காத்திருந்து, கடைசியில் சிரித்தேன்.

நாளைக் கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார். கணக்கெடுப்பு முதலிலிருந்து. அதே 612 பேரிடமும் நாங்களே போய், முன்பு கேட்டது தவறு என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும். நிரந்தர ஆர்டர் இப்போது கிடையாது. "அத இப்ப குடுக்க முடியாது, தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். ஆனால் ஒப்பந்தம் தொடர்கிறது. வேலை இருக்கிறது!

மதியம் மூன்று தட்டு சோறு சாப்பிட்டேன். மூன்று.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை முடிந்ததும் புதுப் படிவம் எழுத உட்கார்ந்தேன். சப்வே என்ற சொல்லே அதில் இல்லை. 'பூமிக்கு அடியில், சுரங்கத்துக்குள் ஓடும் மெட்ரோ ரயில்' என்று ஒவ்வொரு இடத்திலும் முழுசாக எழுதினேன். 'ஒத்தப்பனை ரயில்வே கேட்டு இப்போது உள்ளபடியே இருக்கும்' என்று ஒரு வரி. ஸ்டேஷன் வாசலுக்காக எடுக்கப்படும் கடைகள் பற்றி ஒரு வரி. 'தெரியாது' என்று ஒரு கட்டமும் சேர்த்தேன். போன தடவை அது இல்லை, ஆமா அல்லது இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

எதிர்வீட்டு வங்கி அதிகாரி அம்மாளிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னேன். அவர்கள் எழுதியதை மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டேன். ஏழாவது கேள்வியில் ரயில் ஓடியது. அதற்குப் பிறகுதான் டிக் போட்டேன்.

செப்டம்பர் 9, திங்கள்

மன்னிப்புக் கேட்பது பழகினால் வந்துவிடும் என்று நினைத்தேன். இன்று முப்பத்தெட்டு வாசலில் கேட்டும் ஒவ்வொரு தடவையும் காது சுட்டது. மாவு மில்காரர் மட்டும், "ரயிலுக்கா டிக்கெட்டு? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று உட்காரச் சொன்னார். இந்த முறை சுகிர்தாவுக்கு அங்கே மோர் கிடைத்தது.

செப்டம்பர் 12, வியாழன்

பதில்கள் மாறுகின்றன. போன தடவை யோசிக்காமல் ஆமா சொன்னவர்கள் இப்போது உட்கார்ந்து யோசிக்கிறார்கள். கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு ரயில் வேண்டும், பஸ் நெரிசலில் இடிபட்டுப் போக முடியவில்லை என்கிறார்கள். ஆட்டோக்காரர்கள் பிரிந்து நிற்கிறார்கள். ஸ்டேஷன் வாசலில் நல்ல சவாரி கிடைக்கும் என்று பாதிப் பேர், தொலைவுச் சவாரி போய்விடும் என்று மீதிப் பேர்.

பேச்சியம்மாள் கேட்டு இருக்குமா என்றுதான் கேட்டாள். இருக்கும் என்றேன். "அப்ப ரயிலு வந்தா வரட்டும்" என்றாள். முதன்முதலில் 'இல்லை' என்று சொன்ன ஆளும் கட்சி மாறிவிட்டாள்!

செப்டம்பர் 16, திங்கள்

சுகிர்தா, "மேடம், பாய் கடை பாக்கி இருக்கு" என்றாள். நீ போயேன் என்றேன். "நான் போகலாம். ஆனா அவருகிட்ட எழுதினது நீங்கதான?" என்றாள். இவளுக்கு என் மேல் பயமே கிடையாது.

செப்டம்பர் 18, புதன்

611 முடிந்தது. காலை பத்தரைக்குப் பாய் கடைக்குப் போனேன்.

"வாங்க மேடம். எப்ப பூஜை போடுறாய்ங்க?" என்றார். ஒரு ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டிருந்தார். தலைக்கு மேல் புது போர்டு. நான் அதைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னேன். அன்று நான் கேட்ட சப்வே வேறு, வரப்போவது வேறு. இது பூமிக்குள் ஓடும் ரயில். கேட்டு அப்படியே இருக்கும். ஸ்டேஷன் வாசலுக்கு எடுக்கப்போகும் பன்னிரண்டு கடைகளில் இந்தக் கடையும் ஒன்று.

ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"அப்ப அன்னைக்கு நான் ஆமான்னு சொன்னது?"

"உங்க கடைய எடுத்துக்கலாம்னு ஆயிருச்சு பாய். என் தப்புதான். எதுக்கான படிவம்னு முழுசாப் படிக்காம நானே எழுதி, நானே வந்து கேட்டுட்டேன். அந்தப் பேப்பர் இப்ப செல்லாது. ரிப்போர்ட்டையும் நிறுத்தியாச்சு. உங்க போட்டோவையும் எடுத்தாச்சு."

அவர் முகம் சிவந்துவிட்டது. "எம்பேரு, போன் நம்பரு, கையெழுத்து எல்லாம் வாங்குனீங்களே மேடம். படிச்சவுகன்னு நம்பித்தான குடுத்தேன்? அந்த ஆபீசர் கையப் புடிச்சு, சீக்கிரம் கட்டுங்கன்னு வேற சொன்னேனே!"

அந்த நேரம் கேட்டு திறந்தது. இரண்டு பக்கத்து ஹார்னும் சேர்ந்து காதைப் பிளந்ததில், பேச முடியாமல் இரண்டு பேரும் நின்றோம். வண்டிகள் போய் முடிகிற வரைக்கும் கழிவுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்தபோது கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

"சரி. இப்பச் சரியாக் கேளுங்க."

கேட்டேன். நெரிசல் குறையுமா?

"கீழ ரயில் ஓடுனா மேல கொஞ்சப் பேரு கொறைவாய்ங்க. ரோடு காலியா இருக்குன்னு பாத்ததும், இதுவரைக்கும் வண்டி வாங்காதவன்லாம் வாங்குவான். எங்கிட்டதான சர்வீசுக்கு வாராய்ங்க, எனக்குத் தெரியாதா? கொறையும், பெறகு நெறையும்."

வியாபாரம் பெருகுமா?

"யாருக்குன்னு கேளுங்க. ஸ்டேசன் வாசல்ல காபிக்கடை போடுறவனுக்குப் பெருகும். எனக்கு? ரயிலா பஞ்சர் ஆகப்போகுது?" அவரே சிரித்துவிட்டார். பிறகு, "எம்மக காலேசுக்கு ரெண்டு பஸ் மாறிப் போகுது. அதுக்கு நல்லதுதான். பொய் சொல்லக் கூடாது" என்றார்.

ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய நட்டு ஒன்றை எடுத்துத் துடைத்து வைத்தார். "உங்களுக்கு என்னா தோணுது மேடம்?"

"தெரியல பாய். அந்த முப்பத்தெட்டுப் பக்கத்தையும் மூணு தடவ படிச்சிட்டேன். அதுல கொறையும்னு இருக்கு, பெருகும்னு இருக்கு. நீங்க சொன்னது ஒண்ணும் அதுல இல்ல. நெசமாவே தெரியல."

"தெரியலன்னு போட எடம் இருக்கா?"

"இருக்கு."

"அங்க போடுங்க. நான் சொன்ன மத்ததயும் எழுதிக்கங்க. ஒரு எழுத்தும் மாத்தப்படாது."

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். 'கொறையும், பெறகு நெறையும்' என்றே எழுதினேன். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் திருப்பித் தந்தார்.

"இருவது வருசமா இந்தக் கேட்டுக்கு எத்தனையோ பேரு நோட்டும் பேனாவுமா வந்திருக்காய்ங்க மேடம். எழுதிட்டுப் போவாய்ங்க, அதோட சரி. எழுதுனது தப்புன்னு திரும்பி வந்த ஆளு நீங்க ஒருத்தர்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போய், பக்கத்துக் கடையில் டீ சொல்ல ஓடினார். ஸ்டூலில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அது வருத்தத்தில் வந்த அழுகை இல்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.